ரயில் பட்டறை பிட்டர் ஜோ காஹில்: காரைக்குடியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பொன்மலை ரயில் பட்டறையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். மகள் சிட்னியில் இருப்பதால் அங்கே போய் மூன்று மாதம் தங்கி வந்தேன். போன இடத்தில் ஜோ காஹில் என்ற மனிதரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ரயில் பட்டறையில் என்னைப் போல பிட்டராக இருந்து, வேலையை விட்டுத் துரத்தப்பட்டு, கடைசியில் அந்த மாநிலத்துக்கே முதல்வரானவர்.

ஊர் திரும்பியதிலிருந்து கல்யாண வீட்டில், நூலகத்தில், ஸ்டேஷன் பெஞ்சில் என்று எங்கே உட்கார்ந்தாலும் அவரைப் பற்றிப் பேசிவிடுகிறேன். கேட்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன்.

யாருங்க அந்தக் காஹில்? நான் கேள்விப்பட்டதே இல்லையே?

முழுப்பெயர் ஜான் ஜோசப் காஹில். எல்லோரும் ஜோ காஹில் என்றே கூப்பிட்டார்கள். 1891 ஜனவரி 21ஆம் தேதி சிட்னியில் ரெட்பெர்ன் என்ற பகுதியில் பிறந்தவர். அயர்லாந்திலிருந்து வந்த தொழிலாளிக் குடும்பம். 1952 முதல் 1959 வரை நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முதல்வர். அவர் பெயர் தெரியாவிட்டாலும் அவர் தொடங்கி வைத்த ஒன்றை நீங்கள் காலண்டரிலாவது பார்த்திருப்பீர்கள். கடலோரத்தில் வெள்ளைப் பாய்மரங்களை விரித்து வைத்தது போல நிற்குமே, சிட்னி ஓப்ரா ஹவுஸ், அதுதான்.

அது தனி நாடா, மாநிலமா? பிரீமியர்னா பிரதமர்தானே?

மாநிலம்தான். ஆஸ்திரேலியாவில் நாட்டின் தலைநகரம் கான்பெர்ரா. அங்கே இருப்பவர் பிரதமர். நியூ சவுத் வேல்ஸ் அந்த நாட்டின் ஒரு மாநிலம், அதன் தலைநகரம் சிட்னி. மாநில அரசின் தலைவரைப் பிரீமியர் என்கிறார்கள். நம் முதலமைச்சருக்குச் சமமான பதவி. ரயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மின்சாரம் எல்லாம் அந்தக் காலத்தில் மாநிலத்தின் கையில்தான் இருந்தன. நம் ஊரில் ரயில்வே டெல்லியின் கையில். அங்கே ரயில்வேக்காரருக்கு முதலாளியே மாநில அரசுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

ரயில்வேயில என்ன வேலை? டிரைவரா?

இல்லை, பிட்டர். சிட்னியில் எவ்லி என்ற இடத்தில் இருந்த பெரிய ரயில் பட்டறையில் சிறு வயதிலேயே அப்ரண்டிஸாகச் சேர்ந்து தொழில் கற்றவர். நமக்குப் பொன்மலை எப்படியோ, அவர்களுக்கு எவ்லி அப்படி. நீராவி எஞ்சின்களைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி வெளியே அனுப்பும் இடம்.

டிரைவர் என்று பலர் நினைப்பதற்குக் காரணம் இன்னொருவர். பென் சிப்லி. அவர் எஞ்சின் டிரைவர், பாதர்ஸ்ட் என்ற ஊரில் வேலை பார்த்தவர். 1945இல் ஆஸ்திரேலியாவின் பிரதமரே ஆனார். இரண்டு பேரும் ஒரே கட்சி, தொழிலாளர் கட்சி. ஒரே வேலைநிறுத்தத்தில் அடிபட்டவர்களும்கூட. அதைக் கீழே சொல்கிறேன்.

எவ்வளவு படிச்சிருந்தார்?

கல்லூரிப் பக்கம் போகவில்லை. கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்துவிட்டு நேரே பட்டறைக்குப் போனவர். அப்புறம் தொழிலாளர்களுக்காக நடந்த மாலை வகுப்புகளில் படித்தார், விவாத மேடைகளில் பேசிப் பழகினார்.

அவரா வேலையை விட்டுட்டு அரசியலுக்கு வந்தாரா, இல்ல துரத்திட்டாங்களா?

துரத்தினார்கள். 1917 ஆகஸ்ட் 2ஆம் தேதி எவ்லி ரயில் பட்டறையிலும் ராண்ட்விக் டிராம் பட்டறையிலும் தொழிலாளர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். அது மற்ற ரயில்வேக்காரர்கள், துறைமுகம், சுரங்கம் என்று பரவி, அந்த மாநிலத்தில் மட்டும் எழுபதாயிரம் பேருக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். அரசு கிராமப்புறத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் தங்கவைத்து வேலை வாங்கியது. நம் பாஷையில் கருங்காலிகள். செப்டம்பரில் ரயில்வே வேலைநிறுத்தம் தோற்றது.

தோற்ற பிறகு திரும்பி வந்தவர்களில் பலருக்கு வேலை இல்லை. கிடைத்தவர்களுக்குச் சீனியாரிட்டி போனது. எஞ்சின் டிரைவராக இருந்த சிப்லி கீழே இறக்கப்பட்டார். காஹிலை வேலையிலிருந்தே நீக்கினார்கள். அவருடைய பணிப் பதிவேட்டில் ‘கிளர்ச்சிக்காரர்’ என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்கள். சர்வீஸ் ரெஜிஸ்டரில் ஒரு வார்த்தை ஏறினால் என்ன ஆகும் என்று ரயில்வேக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு சொல் எந்த ஊருக்கு மாற்றினாலும் கூடவே வரும்.

1974இல் நம் நாட்டில் மே 8 முதல் இருபது நாள் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்ததே, அதற்குப் பின்னால் வேலை போய், வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்த மூத்த தொழிலாளர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். காஹிலைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவர்கள் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஒரு அட்டைக்காகவா அவ்வளவு பெரிய ஸ்டிரைக்?

ஆமாம், அட்டைக்காகத்தான் தொடங்கியது. ஒவ்வொரு தொழிலாளியும் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான் என்று ஓர் அட்டையில் குறிக்கும் முறையை ரயில்வே நிர்வாகம் கொண்டுவந்தது. குறிப்பவர் மேஸ்திரி. அதைப் பார்க்கவோ திருத்தவோ தொழிலாளிக்கு உரிமை கிடையாது. யுத்த காலம், விலைவாசி ஏறிக்கிடந்தது, சம்பளம் ஏறவில்லை. அந்த நேரத்தில் இந்த அட்டை.

பட்டறையில் நிற்காதவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எங்களுக்கும் ஜாப் கார்டு உண்டு. இந்த வேலைக்கு இத்தனை நிமிடம் என்று ‘அலவ்டு டைம்’ போட்டிருக்கும். ஒரு பிரேக் பின்னைக் கழற்றப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பின் என்றால் ஐந்தே நிமிடம். மழையில் நனைந்து, துரு ஏறி, துளையோடு துளையாக இறுகிப் போன பின் என்றால் முதலில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட வேண்டும். அப்புறம் சுத்தியலால் சுற்றிலும் தட்ட வேண்டும். அசையாவிட்டால் கேஸ் வைத்துச் சூடு காட்ட வேண்டும். சில சமயம் அரைநாள் போய்விடும். அட்டையில் துரு ஏறாது. அது பத்து நிமிடம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். நல்ல சூப்பர்வைசர் என்றால் வந்து பார்த்து எழுதுவார். இல்லையென்றால் அன்றைக்கு நாம் சோம்பேறி.

எங்களுக்காவது கார்டு கையில் இருந்தது, பேச யூனியனுக்கு அங்கீகாரமும் இருந்தது. 1917இல் எவ்லித் தொழிலாளிக்கு அது இல்லை. தன்னைப் பற்றி எழுதுவதைத் தான் பார்க்கக் கூடாது என்றால் மனிதனுக்குக் கோபம் வராதா?

வேலை போன பிறகு சோத்துக்கு என்ன பண்ணினார்?

கிடைத்த வேலையை எல்லாம் பார்த்தார். ஆயுள் காப்பீடு விற்றார் என்று அவர் வரலாற்றில் இருக்கிறது. வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை. ஐந்து வருடம் அப்படியே ஓடிய பிறகு 1922இல் ராண்ட்விக் டிராம் பட்டறையில் வேலை கிடைத்தது. மேலே சொன்னேனே, வேலைநிறுத்தம் தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று, அதே பட்டறைதான். அந்த வருடமே கல்யாணமும் ஆயிற்று.

முதல் தேர்தல்லயே ஜெயிச்சுட்டாரா?

இல்லை. 1917இல், வேலைநிறுத்தத்துக்குச் சில மாதங்கள் முன்பே, டல்விச் ஹில் தொகுதியில் நின்று தோற்றார். 1925இல் செயின்ட் ஜார்ஜ் தொகுதியில் வென்றார். 1932இல் கட்சியே மாநிலத்தில் மண்ணைக் கவ்வியபோது இவரும் தோற்றார். 1935இல் திரும்பி வந்தார். அதற்கப்புறம் சாகும் வரை தோற்கவில்லை.

1925 வெற்றியில் ஒரு விசேஷம் உண்டு. அந்தத் தேர்தலில்தான் ஜாக் லாங் தலைமையில் தொழிலாளர் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1917 வேலைநிறுத்தத்தில் சீனியாரிட்டி இழந்த ரயில்வேக்காரர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்தது அந்த ஆட்சிதான். எட்டு வருடம் முன்னால் துரத்தப்பட்டவர், அதைச் சரிசெய்த சட்டமன்றத்தில் ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதல்வர் ஆகுறதுக்கு முன்னாடி மந்திரியா இருந்தாரா?

1941 முதல் பொதுப்பணித் துறை அமைச்சர். பின்னர் உள்ளாட்சியும் சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு சிட்னியில் கடுமையான மின்வெட்டு. மின் உற்பத்தி ஆளாளுக்கு ஒரு பக்கமாகச் சிதறிக் கிடந்ததை 1950இல் ஒரே மின்சார ஆணையத்தின் கீழ் கொண்டுவந்ததில் இவர் பங்கு பெரியது. 1952 ஏப்ரலில் முதல்வரானார். 1953, 1956, 1959 என்று மூன்று தேர்தலில் கட்சியை ஜெயிக்க வைத்தார்.

ஏழு வருசம் ஆண்டார்னு சொல்றீங்க. தொழிலாளிக்கு என்ன செஞ்சார்?

எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. 1955இல் கொலைக் குற்றத்துக்கான மரண தண்டனையை அந்த மாநிலம் ஒழித்தது. 1958இல் ஒரே வேலை செய்யும் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் தரும் சட்டம் வந்தது. ஒரேயடியாக இல்லை, படிப்படியாக ஏற்றி 1963இல் சமமாக்கும் ஏற்பாடு. எல்லாப் பெண்களுக்கும் அது கிடைக்கவில்லை. பெண்கள் மட்டுமே செய்யும் வேலை என்று ஒதுக்கப்பட்டவற்றுக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டையைச் சொல்லாமல் பாராட்டினால் அது சரியாகாது.

இன்னொன்று, கட்சியை உடையாமல் காப்பாற்றினார். 1955இல் தொழிலாளர் கட்சி கம்யூனிஸ்ட் எதிர்ப்புச் சண்டையில் பிளந்தது. விக்டோரியாவிலும், பிறகு குயின்ஸ்லாந்திலும் ஆட்சியே போனது. நியூ சவுத் வேல்ஸில் மட்டும் கட்சியும் நிலைத்தது, ஆட்சியும் நிலைத்தது. இரண்டு பக்கத்துக்காரர்களையும் உட்கார வைத்துப் பேசும் பழக்கம் யூனியனில் வந்ததாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

ஓப்ரா ஹவுஸைக் கட்டினது ஏதோ டென்மார்க்காரர்னு படிச்சேனே? இவர் எங்க வந்தார்?

வரைந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சன். கட்டலாம் என்று முடிவு செய்தவர் காஹில். சிட்னி இசைக்குழுவின் நடத்துநர் யூஜின் கூசன்ஸ் இப்படி ஓர் அரங்கம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1954 நவம்பரில் காஹில் ஒரு கூட்டம் கூட்டி, கட்டுவோம் என்றார். அடுத்த வருடம் பென்னலாங் முனை என்ற இடம் முடிவானது. உலகம் முழுவதற்கும் போட்டி அறிவித்தார்கள். 233 வரைபடங்கள் வந்தன. 1957 ஜனவரி 29ஆம் தேதி உட்சன் வென்றதாக அறிவித்தார்கள்.

அந்தப் பென்னலாங் முனையில் அதற்கு முன்னால் என்ன இருந்தது தெரியுமா? டிராம் ஷெட். ராத்திரி டிராம் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தும் கொட்டகை. டிராம் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், டிராம் ஷெட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் உலகமே வந்து பார்க்கும் அரங்கத்தைக் கட்டச் சொன்னார். மகள் இதைச் சொன்ன அன்று நான் அந்தப் படிக்கட்டிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஏம்ப்பா, ஏழை சனத்துக்காக வந்த மனுசன் பாட்டுக் கச்சேரிக்கு மண்டபம் கட்டுவானேன்? ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாமுல்ல?

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி கேட்டது. அதற்கப்புறம் வேறு வார்த்தையில் பத்துப் பேராவது கேட்டுவிட்டார்கள். காஹிலிடமும் அவர் கட்சிக்காரர்களே இதைத்தான் கேட்டார்கள். வீடு இல்லை, பள்ளிக்கூடம் போதவில்லை, இப்போது இது தேவையா என்று. அந்தக் கேள்வி நியாயமானது. அவரும் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் ஒதுக்கிய பணத்தைத் தொடாமல் வேறு வழியில் பணம் திரட்டலாம் என்றார். அந்த வழி அடுத்த கேள்வியில் வருகிறது.

ஆச்சிக்கு நான் சொன்னது இது. நம் ஊரில் 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். 1962இல் காரைக்குடிக்குச் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். கம்பனுக்கு மணிமண்டபம் எழுந்தது. கம்பன் விழாவில் முன் வரிசையில் வசதியானவர்கள் மட்டுமா உட்கார்ந்திருக்கிறார்கள்? சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு வந்து கடைசி வரை நின்றுகொண்டே கேட்கும் கடைச் சிப்பந்திகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆளுக்கு ராமாயணம் வேண்டாம், ரேஷன் போதும் என்று நாம் எப்படிச் சொல்வது? பட்டறைத் தொழிலாளிக்கும் நல்ல பாட்டைக் கேட்கக் காது இருக்கிறது. காஹில் அதைத் தெரிந்தவர். தானே அந்த ஆளாக இருந்தவர்.

இன்னொன்றும் சொன்னேன். 1960 நவம்பரில், கட்டடம் பாதிகூட எழாத நேரத்தில், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் அங்கே வந்து, சாரத்தில் ஏறி நின்ற கட்டடத் தொழிலாளர்களுக்காகப் பாடினார். அங்கே முதல் கச்சேரியைக் கேட்டவர்கள் கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும்தான். ஆச்சி கேட்டுவிட்டு, “அப்பச் சரி” என்றார்.

லாட்டரிச் சீட்டு வித்துக் கட்டினாங்களாமே, அது தப்பில்லையா?

ஆமாம், மாநில அரசே ஓப்ரா ஹவுஸ் லாட்டரி என்று நடத்தியது. 1957இல் தொடங்கியது. கட்டடச் செலவில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வந்தது. பொதுமக்கள் நன்கொடையும் கொஞ்சம் சேர்ந்தது.

லாட்டரியால் அழிந்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். 2003இல் தமிழ்நாட்டில் தடை வந்தபோது நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் எனக்கு இது உறுத்துகிறது. சீட்டு வாங்கியதில் தொழிலாளிகள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். வரியைக் கூட்டினால் கட்சிக்குள்ளேயே திட்டம் செத்திருக்கும் என்பதும் உண்மை. அவர் நிலையில் வேறு வழி இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

மேல ஒட்டியிருக்க வெள்ளை ஓடு நம்ம ஆத்தங்குடிக் கல்லு மாதிரியா?

ஆத்தங்குடியிலிருந்து வந்தவர் கேட்டார், சந்தோஷமாகச் சொன்னேன். செய்முறை வேறு. ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து எடுப்பது. கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் முகத்துக்கு வரும். ஓப்ரா ஹவுஸ் ஓடு சூளையில் சுட்டது. சுவீடனில் ஹோகனாஸ் என்ற இடத்தில் செய்து வந்தது. 10 லட்சத்து 56 ஆயிரத்துக்கும் மேல்.

தூரத்தில் வெள்ளை. பக்கத்தில் போனால் இரண்டு விதம் தெரியும். ஒன்று பளபளப்பான வெள்ளை, இன்னொன்று பளபளப்பில்லாத மங்கல் நிறம். இரண்டையும் அம்பு முனை போல அடுக்கியிருக்கிறார்கள். அதனால்தான் வெயிலில் கண் கூசாமல் மின்னுகிறது. காஹில் அந்த ஓடுகளைப் பார்க்கவில்லை. அவை மேலே ஏறியது அவர் இறந்து சில வருடங்கள் கழித்து.

70 லட்சம் டாலர்னு ஆரம்பிச்சு 10 கோடியில முடிஞ்சா, அது நிர்வாகத் தோல்விதானே?

கணக்கு சரிதான். முதல் மதிப்பீடு 35 லட்சம் பவுண்ட், அதாவது பின்னாளில் வந்த டாலர் கணக்கில் 70 லட்சம். முடிந்தபோது 10 கோடியே 20 லட்சம் டாலர். 1963இல் திறக்க நினைத்தது, 1973 அக்டோபர் 20ஆம் தேதி திறந்தது.

இதில் காஹிலுக்குப் பங்கு உண்டு. 1959 மார்ச் 21ஆம் தேதி தேர்தல். மார்ச் 2ஆம் தேதியே வேலையைத் தொடங்க வைத்தார். கூரையை எப்படி நிறுத்துவது என்று கணக்கே அப்போது முடியவில்லை. தான் தோற்றால் அடுத்து வருபவர்கள் திட்டத்தைக் கைவிட்டுவிடுவார்கள், தோண்டிவிட்டால் நிறுத்த முடியாது என்று நினைத்தார் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதன் விலை, கீழே கட்டிய தூண்கள் மேலே வரும் கூரையைத் தாங்காது என்று தெரிந்து, அவற்றை உடைத்துப் பலப்படுத்த வேண்டி வந்தது. டிராயிங் முடியாமல் வேலையைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று எந்த பிட்டரைக் கேட்டாலும் சொல்வான். காஹிலுக்கும் தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் செய்தார் என்று நினைக்கிறேன். அவர் பொறுத்துப் போயிருந்தால் கட்டடம் மலிவாக முடிந்திருக்கலாம், எழும்பாமலே போயிருக்கவும் வாய்ப்பு அதிகம். உட்சனுக்கு 1966இல் நேர்ந்தது வேறு கதை. புதிய அரசோடு மோதி ராஜினாமா செய்து ஊருக்குப் போனவர், முடிந்த கட்டடத்தை நேரில் பார்க்கவே இல்லை.

நம்ம காமராசரோட இவரை ஒப்பிடலாமா?

ஒரே காலத்தவர்கள். காமராசர் 1954இல் முதலமைச்சர் ஆனபோது காஹில் சிட்னியில் முதல்வராக இரண்டு வருடம் முடித்திருந்தார். இருவருக்கும் படிப்பு குறைவு, கட்சியில் அடிமட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒப்புமை அங்கே நின்றுவிடுகிறது. காமராசர் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு வரவழைக்க வேண்டியிருந்த மாநிலத்தை ஆண்டார். காஹிலுக்கு அந்தப் பஞ்சம் இல்லை. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் காலத்துல நம்மள மாதிரி கறுப்புத் தோல்காரங்களை அந்த நாட்டுக்குள்ள விட்டாங்களா?

குடியேற விடவில்லை. 1901 முதலே வெள்ளையர் அல்லாதவர்களைத் தடுக்கும் சட்டம் இருந்தது. ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் டிக்டேஷன் வைத்து, எழுதத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தத் தேர்வை 1958இல்தான் நீக்கினார்கள். கொள்கை முழுவதும் ஒழிந்தது 1973இல். குடியேற்றம் கான்பெர்ராவின் பொறுப்பு, மாநில முதல்வருடையது இல்லை. ஆனாலும் காஹிலின் தொழிலாளர் கட்சி அந்தக் கொள்கையை 1965 வரை தன் திட்டத்திலேயே வைத்திருந்தது. தொழிலாளர் ஒற்றுமை என்று பேசியவர்கள் நம்மைத் தொழிலாளியாக எண்ணவில்லை. எனக்கு இது வலிக்கிறது. காஹிலை மதிப்பதால் இதை மறைக்க மாட்டேன். ஓப்ரா ஹவுஸ் திறந்த அதே 1973இல் அந்தக் கதவும் திறந்தது. அது திறந்திருக்காவிட்டால் என் மகள் இன்று அங்கே இல்லை.

நம்ம பொன்மலையில இருந்து இப்படி யாரும் வரலையா?

வந்திருக்கிறார்கள். 1946இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ரயில்வே தொழிற்சங்கத்துக்கென்றே ஒரு தொகுதி இருந்தது. அதில் வென்றவர் பொன்மலைத் தொழிலாளர்களின் தலைவர் அனந்தன் நம்பியார். பின்னாளில் நாடாளுமன்றத்துக்கும் போனார். ரயில்வே தொழிற்சங்கத்தில் வளர்ந்த எம். கல்யாணசுந்தரம் 1952இல் திருச்சியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார், 1971இலும் 1977இலும் மக்களவைக்கு வென்றார். வங்காளத்தில் அதே 1946இல் ரயில்வே தொழிலாளர் தொகுதியில் வென்ற ஜோதி பாசு, முதலமைச்சராக 1977 முதல் 2000 வரை இருந்தார்.

1946 செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். வருடா வருடம் அந்த நாளில் மலர் வைக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லிவிட்டு அப்புறம் காஹில் கதையைச் சொல்லுங்கள்.

நான் ரயில்வேயில இருக்கேன் அண்ணே. நானும் தேர்தல்ல நிக்கலாமா?

வேலையில் இருந்துகொண்டு முடியாது. 1966 நடத்தை விதிகளின்படி ரயில்வே ஊழியர் அரசியல் கட்சியில் உறுப்பினராகக்கூட இருக்கக் கூடாது. அரசமைப்புச் சட்டத்தின் 191ஆவது பிரிவுப்படி அரசின் கீழ் ஆதாயப் பதவி வகிப்பவர் சட்டமன்றத்துக்குத் தகுதி இல்லை. வேட்புமனுவுக்கு முன்னால் ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இருபது வருடம் சர்வீஸ் முடித்திருந்தால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு கேட்கலாம். பென்ஷன் போகாது. சொந்தக்காரர் நிற்கிறார் என்று பூத் ஏஜென்டாகப் போய் உட்கார்ந்துவிடாதே தம்பி, அதற்கும் தண்டனை உண்டு.

யூனியனில் இருக்கத் தடை இல்லை. பேசக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடமும் இல்லை.

எப்படி இறந்தார்?

பதவியில் இருக்கும்போதே. 1959 அக்டோபர் 22ஆம் தேதி, கட்சிக் கூட்டத்தின் நடுவில் மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 68. பொதுப்பணித் துறை அமைச்சர் நார்ம் ரையனைக் கூப்பிட்டு, ஓப்ரா ஹவுஸைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதாகச் சொல்கிறார்கள். அவருடைய தொகுதியில் அடுத்து வென்றது மகன் தாமஸ் காஹில்.

சிட்னிக்குப் போனா இவரைப் பத்தி எங்க பார்க்குறது?

முதலில் ரெட்பெர்ன் ஸ்டேஷனில் இறங்கி எவ்லிக்கு நடந்து போங்கள். பெட்டிகள் பழுது பார்த்த பெரிய கொட்டகை இப்போது கேரியேஜ்வொர்க்ஸ் என்ற கலைக்கூடம். நாடகம், கண்காட்சி எல்லாம் நடக்கிறது. தரையில் பழைய தண்டவாளம் அப்படியே பதிந்திருக்கிறது, இரும்புத் தூண்களையும் விட்டு வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தண்டவாளத்தின் மேல் காலை வைத்துப் பார்த்தேன். பொன்மலையில் காலை ஏழு மணிக்கு இருக்குமே, அதே குளிர்ச்சி.

அப்புறம் ரயிலேறிச் சர்குலர் கீ ஸ்டேஷனுக்கு வாருங்கள். 1956 ஜனவரியில் அதைத் திறந்து வைத்தவர் காஹில்தான். அதன் தலைக்கு மேலே ஓடும் சாலைக்கு அவர் பெயர், காஹில் எக்ஸ்பிரஸ்வே, 1958இல் வந்தது. சிட்னிக்காரர்கள் பலருக்கு அந்தச் சாலையைப் பிடிக்காது. நகரத்துக்கும் கடலுக்கும் நடுவில் சுவர் மாதிரி நிற்கிறது என்பார்கள். கீழே நின்று பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான்.

ஆனால் நடைமேடையில் கடலைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் துறைமுகப் பாலம், வலது கைப் பக்கம் ஓப்ரா ஹவுஸ். வேலை முடிந்து களைத்துப் போய் வீட்டுக்குப் போகிறவர்கள் டிக்கெட் காசுக்கு மேல் ஒரு பைசா கொடுக்காமல் இரண்டையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் மூன்று ரயிலை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினேன்.